நெடுந்தீவுக்குப் பெயர் கொடுத்த ஊரில் ஒரு துணிக்கடைக்காரர்

அம்மா சிரிக்கும்போது வாயைக் கையால் பொத்திக்கொள்வார். 2009 க்குப் பிறகு எடுத்த எந்தப் படத்திலும் அவருடைய பற்கள் தெரியாது.

முகாமில் இருந்த மாதங்களில்தான் அவருக்குப் பல்லுக்கொதி தொடங்கியது. தண்ணீருக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, ஆட்களைத் தேடுவதற்கு வரிசை. இதற்குள் பல்லைப் பற்றி யார் நினைத்தார்கள்? சீனி போட்ட பிளேன்ரீயும் பிஸ்கற்றுமாகவே பல நாட்கள் கழிந்தன. வெளியே வந்து மூன்று வருடங்களுக்குள் ஏழு பற்களைப் பிடுங்கவேண்டி வந்தது.

மிச்சம் இருப்பவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று போன வருடம் அவருக்கு ஒரு பிடிவாதம் வந்தது. பாமசி ஒன்றில், வாயில் இருக்கும் கிருமிகள் எல்லாவற்றையும் கொல்லவேண்டும் என்று சொல்லி குளோர்ஹெக்சிடின் கலந்த வாய் கழுவும் மருந்து ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை நாளைக்கு என்று அவர்களும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. காலையும் இரவுமாக ஐந்து மாதங்கள் கொப்பளித்தார். பற்கள் மண்ணிறமாகின. கறியில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்று சொல்லத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்துக் கனடாவில் இருக்கும் சின்னம்மா ஒரு பெட்டி மாத்திரை அனுப்பினார். உறிஞ்சிச் சாப்பிடும் மாத்திரை. அதில் இருப்பது பல்லுக்கும் முரசுக்கும் நல்லது செய்யும் உயிருள்ள பற்றீரியா என்று பெட்டியில் எழுதியிருந்தது.

அம்மா போத்தலையும் பெட்டியையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்று கொல்லுகிறது, மற்றது கொண்டுவந்து விடுகிறது, இதில் எது சரி என்பதுதான் அவருடைய கேள்வி. நான் படித்தது ஊடகக் கற்கை, மருத்துவம் அல்ல. ஆனாலும் தேடினேன். தேடிக்கொண்டு போன இடத்தில், முந்நூறு வருடங்களுக்கு முன்னர் இறந்துபோன ஒரு மனிதர் நின்றார். மனித வாய்க்குள் குடியிருக்கும் பற்றீரியாக்களை முதன்முதலில் கண்டவர் அவர்தான். பெயர் அன்ரனி வான் லீவன்ஹூக். அவருடைய ஊரின் பெயர் எங்களுக்குப் புதிதல்ல: டெல்ஃப்ட்.

1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர், எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். காரைநகர் அம்ஸ்ரர்டாம் ஆனது. ஊர்காவற்றுறையும் வேலணையும் இருக்கும் தீவு லைடன் ஆனது. நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆனது. மற்றப் பெயர்களை மறந்துவிட்டோம், ஆனால் குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருப்பவர்களிடம் டெல்ஃப்ட் என்றால் இன்றைக்கும் விளங்கும். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியை நடத்திய ஆறு நகரங்களில் டெல்ஃப்டும் ஒன்று. யாழ்ப்பாணக் கோட்டை அவர்கள் கைக்கு மாறிய வருடம் லீவன்ஹூக்குக்கு இருபத்தைந்து வயது. அந்த டெல்ஃப்டில் ஒரு துணிக்கடை வைத்திருந்தார்.

அவர் பிறந்தது 1632 ஒக்ரோபர் 24 ஆம் திகதி. அப்பா கூடை பின்னுகிறவர். மகனுக்கு ஆறு வயது ஆகுமுன்னரே அப்பா இறந்துபோனார். அம்மா மறுமணம் செய்தார். பையனை வெளியூர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள், பிறகு உறவினர் வீட்டில் வளர்ந்தார். பல்கலைக்கழகம் போகவில்லை. அந்தக் காலத்து அறிவியலின் மொழியான இலத்தீனும் தெரியாது. பதினாறு வயதில் அம்ஸ்ரர்டாமில் ஒரு துணி வியாபாரியிடம் கணக்கு எழுதும் வேலைக்குப் போனார். தொழில் பழகி ஊருக்குத் திரும்பி, 1654 இல் திருமணம் முடித்து, வீடு வாங்கிக் கடை போட்டார்.

அதே வருடம் ஒக்ரோபர் 12 ஆம் திகதி டெல்ஃப்ட் நகரின் வெடிமருந்துக் களஞ்சியம் வெடித்தது. நகரத்தின் ஒரு பகுதி தரைமட்டமானது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் காயப்பட்டார்கள். கரல் ஃபப்ரீற்றியஸ் என்ற ஓவியரும் இறந்தவர்களில் ஒருவர். திருமணமாகி மூன்று மாதம்கூட ஆகாத ஒரு இளம் குடும்பம் வாழ்க்கையைத் தொடங்கியது அப்படியொரு ஊரில்தான்.

லீவன்ஹூக்குக்கும் மனைவி பாபராவுக்கும் ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள். நான்கு பேர் சிறுவயதிலேயே இறந்தார்கள். மரியா என்ற ஒரு மகள் மட்டும் தப்பினார். 1666 இல் பாபராவும் போய்விட்டார். ஐந்து வருடங்களுக்குப் பிறகு லீவன்ஹூக் மறுமணம் செய்தார். பிழைப்புக்குத் துணிக்கடையோடு நகர மண்டபத்தில் ஒரு பராமரிப்பு உத்தியோகமும் இருந்தது. பின்னாளில் நில அளவையாளராகவும், வைன் பீப்பாய்களை அளந்து பார்க்கும் அதிகாரியாகவும் வேலை செய்தார்.

துணி வியாபாரிகள் நெசவின் தரத்தைப் பார்க்க உருப்பெருக்கும் கண்ணாடி வைத்திருப்பார்கள். ஒரு அங்குலத்தில் எத்தனை நூல் ஓடுகிறது என்று எண்ணுவதற்கு. அந்தக் கண்ணாடியிலிருந்துதான் அவருடைய ஆசை வளர்ந்திருக்க வேண்டும். கடுகு போன்ற சிறிய வில்லைகளைத் தானே செய்யப் பழகினார். இரண்டு சின்ன உலோகத் தகடுகளுக்கு நடுவில் அந்த வில்லையைப் பொருத்துவார். பார்க்கவேண்டிய பொருளை ஒரு ஊசிமுனையில் வைத்து, திருகாணியால் முன்னும் பின்னும் நகர்த்துவார். முழுக் கருவியும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கண்ணோடு ஒட்டி வைத்து வெளிச்சத்தைப் பார்த்துத்தான் உபயோகிக்க வேண்டும். எங்கள் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் மேசையில் நிற்கும் நுணுக்குக்காட்டி மாதிரி இல்லை. ஆனால் அவருடைய கருவிகளில் இன்றைக்கு மிஞ்சியிருப்பவற்றுள் ஒன்று ஏறத்தாழ 270 மடங்கு பெருப்பித்துக் காட்டுகிறது. அந்தக் காலத்தில் வேறு எவரிடமும் அப்படியொரு வில்லை இல்லை. செய்யும் முறையை அவர் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

அவரை உலகம் அறிந்தது ஒரு யுத்தத்தின் நடுவில். 1672 இல் பிரான்சும் இங்கிலாந்தும் சேர்ந்து ஒல்லாந்து மீது போர் தொடுத்தன. பிரெஞ்சுப் படையைத் தடுக்க ஒல்லாந்தர் தங்கள் சொந்த வயல்நிலங்களையே வெள்ளத்தில் மூழ்கடித்தார்கள். அந்தப் போர் முடியுமுன்னரே, 1673 ஏப்ரலில், ரெய்னியர் டி கிராஃப் என்ற டெல்ஃப்ட் மருத்துவர் எதிரி நாட்டின் தலைநகரான லண்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். எங்கள் ஊரில் இப்படி ஒருவர் இருக்கிறார், அவருடைய கண்ணாடிகள் மற்ற எல்லாவற்றையும் விட நல்லவை என்று லண்டன் றோயல் சங்கத்துக்கு அறிமுகம் செய்துவைத்தார்.

அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தது சங்கத்தின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பேர்க்கிடம். அவர் ஏற்கனவே பட்டவர். இரு நாடுகளும் முன்னர் சண்டை பிடித்த காலத்தில், 1667 இல், வெளிநாடுகளுக்குக் கடிதம் எழுதுகிறார் என்ற சந்தேகத்தில் பிடித்து லண்டன் கோபுரச் சிறையில் போட்டிருந்தார்கள். கடிதம் எழுதியதற்காகவும் கடிதம் வைத்திருந்ததற்காகவும் ஆட்கள் பிடிபடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அப்படியிருந்தும் எதிரி நாட்டிலிருந்து வந்த கடிதத்தை அவர் கிழித்தெறியவில்லை. பிரசுரித்தார். தொடர்ந்து எழுதும்படி லீவன்ஹூக்கையும் கேட்டுக்கொண்டார். லீவன்ஹூக் பூஞ்சணத்தைப் பற்றியும் தேனீயைப் பற்றியும் பேனைப் பற்றியும் எழுதி அனுப்பினார். தனக்குத் தெரிந்த ஒரே மொழியில், ஊர்ப் பேச்சு வழக்கில் எழுதினார். அப்படித் தொடங்கிய கடிதங்கள் ஐம்பது வருடங்கள், அவர் சாகும்வரை போய்க்கொண்டிருந்தன.

மிளகு ஏன் நாக்கை உறைக்கச் செய்கிறது என்று அறிய அவருக்கு ஒரு ஆவல். மிளகின் துணிக்கைகளில் முள் இருக்கும் என்று எண்ணினார். ஆசியாவிலிருந்து கப்பலில் போன மிளகைத் தண்ணீரில் ஊறவைத்துச் சில கிழமைகளுக்குப் பிறகு பார்த்தார். முள்ளைக் காணவில்லை. தண்ணீருக்குள் எண்ணவே முடியாத அளவு சிறிய உயிர்கள் ஓடித் திரிந்தன. 1676 ஒக்ரோபரில் இதை லண்டனுக்கு எழுதினார். அங்கே நம்பவில்லை. வேறு ஒருவர் முயன்று பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. லீவன்ஹூக் கோபித்துக்கொண்டு ஒதுங்கவில்லை. மதகுருமார் உட்பட ஊரில் மதிப்புள்ள எட்டுப் பேரைக் கூப்பிட்டுக் காட்டி, கண்ணால் கண்டோம் என்று கையெழுத்து வாங்கி அனுப்பினார். 1677 நவம்பரில் றொபேட் ஹூக் லண்டனில் அதே பரிசோதனையைச் செய்து, அதே உயிர்களைக் கண்டு, மற்றவர்களுக்கும் காட்டினார். 1680 இல் பட்டம் இல்லாத இந்தத் துணிக்கடைக்காரரை றோயல் சங்கம் தன் உறுப்பினராக்கியது.

பல்லின் கதை 1683 செப்ரெம்பர் 17 ஆம் திகதியிட்ட கடிதத்தில் வருகிறது. அப்போது அவருக்கு ஐம்பது வயது. ஒவ்வொரு நாள் காலையிலும் உப்பால் பல் துலக்கி, தண்ணீரால் கொப்பளிப்பது அவர் வழக்கம். சாப்பிட்ட பின் கடைவாய்ப் பற்களைக் குச்சியால் குத்தித் துப்புரவாக்கி, துணியாலும் தேய்ப்பார். அந்த வயதில் அவ்வளவு சுத்தமான பல் வைத்திருப்பவர்கள் குறைவு என்ற பெருமையும் அவருக்கு இருந்தது. இதை வாசித்தபோது எனக்கு வன்னியில் எங்கள் வீட்டுக் கிணற்றடி நினைவுக்கு வந்தது. பற்பசை வாங்க வசதியில்லாத நாட்களில் உப்பும் உமிக்கரியும்தான். அம்மா வலது கைச் சுட்டுவிரலால் எங்கள் பற்களைத் தேய்த்துவிடுவார். உமிக்கரி எனாமலைத் தேய்த்துவிடும் என்று பிறகு பல் வைத்தியர்கள் சொல்லி அறிந்தோம். அன்றைக்கு அதுதான் இருந்தது.

இவ்வளவு துலக்கியும் பற்களுக்கு நடுவில் மாவு குழைத்ததுபோல ஒரு வெள்ளைப் பசை இருப்பதை லீவன்ஹூக் கண்டார். அதைக் கொஞ்சம் எடுத்து, உயிர்கள் இல்லாத மழைநீரில் கலந்து கண்ணாடிக்குள் பார்த்தார். உள்ளே ஒரு ஊரே நடமாடியது. சில நீளமானவை, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பாயும் மீன்போலப் பாய்ந்தன. சில பம்பரம்போலச் சுழன்றன. சில வளைந்து வளைந்து போயின. அவற்றைப் படமாக வரைவித்து அனுப்பினார். இன்றைக்குப் பல் மருத்துவ மாணவர்கள் பாடத்தில் படிக்கும் கோல், கோளம், சுருள் வடிவப் பற்றீரியாக்களை அந்தப் படத்தில் அடையாளம் காணலாம்.

தன் வாயோடு அவர் நிறுத்தவில்லை. இரண்டு பெண்களின் பற்களிலிருந்து எடுத்துப் பார்த்தார். வாழ்நாளில் பல்லே துலக்காத ஒரு முதியவரைக் கேட்டு அவரிடமும் எடுத்தார். அங்கே கூட்டம் இன்னும் அதிகமாக இருந்தது. தன் ஒருவருடைய வாயில் இருக்கும் உயிர்களின் எண்ணிக்கை, ஒல்லாந்து நாடு முழுவதிலும் வாழும் மக்கள் தொகையைவிடக் கூடுதலாக இருக்கும் என்று கணக்குப் போட்டார்.

பிறகு அவர் செய்த ஒன்றுதான் என்னை அம்மாவின் மேசைக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. கடுமையான வைன் வினாகிரியை அந்தப் பசைக் கலவையில் விட்டுப் பார்த்தார். உயிர்கள் உடனே செத்தன. சரி, மருந்து கிடைத்துவிட்டது என்று அவர் நிற்கவில்லை. அதே வினாகிரியால் தன் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, பல்லிடுக்கிலிருந்து மறுபடியும் எடுத்துப் பார்த்தார். உள்ளே இருந்தவை உயிரோடுதான் இருந்தன. வினாகிரி பசையின் வெளிப்புறத்தில் இருந்தவற்றை மட்டும் கொன்றிருக்கிறது, உள்ளே போகவில்லை என்று எழுதினார். 1692 இல் இன்னொன்றைக் கவனித்தார். காலையில் மிகச் சூடாகக் கோப்பி குடிக்கத் தொடங்கிய பிறகு முன்பற்களில் உயிர்களைக் காணவில்லை, கடைவாய்ப் பற்களில் மட்டும் இருந்தன. சூடுதான் முன்னால் இருந்தவற்றைக் கொன்றது என்று முடிவு செய்தார்.

அவர் கண்ட அந்தப் பசையை இன்று பற்படலம் என்கிறார்கள். பற்றீரியாக்கள் தாங்களே சுரக்கும் பிசினால் ஒட்டிக்கொண்டு அடுக்கடுக்காக வாழும் குடியிருப்பு அது. எந்தத் திரவமும் அதற்குள் இலேசில் இறங்காது. பிறஸ்ஸால் தேய்த்து உடைத்தால்தான் போகும். ஒரு துணிக்கடைக்காரர் வினாகிரியை வைத்துக்கொண்டு 1683 இலேயே அதன் முதல் பாடத்தைக் கண்டுவிட்டார்.

அந்த உயிர்களுக்கும் நோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. அவற்றை எதிரி என்றும் எழுதவில்லை. பார்த்தார், அளந்தார், எண்ணினார். கிருமிதான் நோய்க்குக் காரணம் என்ற அறிவு வர ஏறத்தாழ இருநூறு வருடங்கள் எடுத்தன. 1890 இல் வில்லோபி மில்லர் என்ற பல் மருத்துவர், வாயிலுள்ள பற்றீரியாக்கள் சீனியையும் மாப்பொருளையும் அமிலமாக்குகின்றன, அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது என்று விளக்கினார். 1924 இல் லண்டனில் கிளார்க் என்பவர் சூத்தைப் பல்லிலிருந்து ஸ்ரெப்ரோகொக்கஸ் மியூரன்ஸ் என்ற பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். அதன் பிறகு வாயில் இருப்பவை எல்லாமே கொல்லப்பட வேண்டியவை என்ற எண்ணம் வலுத்தது. அம்மாவின் போத்தல் அந்த எண்ணத்தின் பிள்ளை.

இன்றைய அறிவு கொஞ்சம் நிதானமானது. மனித வாய்களில் எழுநூறு வகைக்கு மேற்பட்ட பற்றீரியாக்கள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவை தீங்கு செய்வதில்லை. சில ஐதரசன் பேரொட்சைட்டைச் சிறிதளவில் வெளியிட்டு மியூரன்ஸைப் பெருகவிடாமல் தடுக்கின்றன. சில அமோனியாவை உண்டாக்கி அமிலத்தைத் தணிக்கின்றன. நாக்கின் பின்புறத்தில் வாழ்பவை, கீரையிலும் பீற்றூட்டிலும் இருக்கும் நைத்திரேற்றை மாற்றி, இரத்த அழுத்தத்தைச் சீராக வைக்க உடலுக்கு உதவுகின்றன. நாள் முழுவதும் சீனியைக் கொடுத்துக்கொண்டிருந்தால் அமிலத்தைத் தாங்கக்கூடியவை பெருகும், மற்றவை ஒடுங்கும். கடுமையான மருந்தால் மாதக்கணக்கில் கொப்பளித்தால் நல்லதும் கெட்டதும் சேர்ந்து அடிபடும். குளோர்ஹெக்சிடின் பயனில்லாத மருந்தல்ல. முரசு வீக்கத்துக்கும் பல் பிடுங்கிய பின்னரும் வைத்தியர்கள் சில நாட்கள், சில கிழமைகள் கொடுப்பார்கள். நீண்ட நாள் பாவித்தால் பல் கறுப்பதும் சுவை மங்குவதும் அதன் தெரிந்த பக்கவிளைவுகள்.

சின்னம்மாவின் மாத்திரைக்கு வருகிறேன். சிறுபிள்ளைகளுக்குத் தொண்டைநோய் வராமல் காத்த ஒரு பற்றீரியாவை நியூசிலாந்து ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். அதுவும், லக்ரோபசிலஸ் இனத்தைச் சேர்ந்த சிலவும் இப்படி மாத்திரையாக விற்கப்படுகின்றன. சில சிறிய ஆய்வுகளில் வாய் நாற்றமும் முரசில் இரத்தம் வடிவதும் ஓரளவு குறைந்திருக்கின்றன. ஆனால் விருந்தாளி மாதிரி அவை வந்து போகின்றன, வாயில் நிரந்தரமாகக் குடியேறுவதில்லை. மாத்திரையை நிறுத்தினால் பலனும் மெல்ல நின்றுவிடுகிறது. விழுந்த பல்லை எந்தப் பற்றீரியாவும் முளைக்க வைக்காது. புளோரைட் பற்பசைக்கும் பிறஸ்ஸுக்கும் அது மாற்றுமல்ல.

இதையெல்லாம் அம்மாவுக்கு ஒரு பின்னேரம் சொன்னேன். லீவன்ஹூக்கின் கடைசிக் காலத்தையும் சொன்னேன். 1698 இல் ரஷ்யச் சக்கரவர்த்தி பீற்றர் ஊர் வந்தபோது இவரை அழைத்து, விலாங்கின் வாலில் இரத்தம் ஓடுவதைக் கண்ணாடிக்குள் பார்த்தார். 1723 ஓகஸ்ற் 26 ஆம் திகதி, தொண்ணூறு வயதில், பிறந்த ஊரிலேயே இறந்தார். கடைசி நாட்களிலும் லண்டனுக்கு அனுப்பக் கடிதம் சொல்லி எழுதுவித்தார். இருபத்தாறு வெள்ளி நுணுக்குக்காட்டிகளை ஒரு பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். அவர் விருப்பப்படியே மகள் மரியா அவற்றை றோயல் சங்கத்துக்கு அனுப்பிவைத்தார். பிறகு ஒரு காலத்தில் அந்தப் பெட்டி அங்கிருந்து தொலைந்துபோனது. கருவிகள் போய்விட்டன, கடிதங்கள் இருக்கின்றன. அதனால்தான் 1683 இல் ஒரு மனிதர் காலையில் உப்பால் பல் துலக்கினார் என்பது எங்களுக்கு இன்றைக்குத் தெரிகிறது.

அம்மா பற்றீரியாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நாலு பிள்ளைகளைப் புதைத்த அந்த மனுசியின் பெயர் என்ன என்றுதான் கேட்டார். பாபரா என்றேன். அந்தப் பெயரை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். எங்கள் வீட்டிலும் ஒருவர் இல்லை. அண்ணாவை எங்கே வைத்தார்கள் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் இருவரும் பேசாமல் இருந்தோம். பிறகு மரியா கலியாணம் கட்டினாரா என்று கேட்டார். இல்லை, கடைசிவரை தகப்பனோடுதான் இருந்தார், தகப்பனின் கல்லறைக்கு நினைவுச்சின்னம் வைத்ததும் அவர்தான் என்றேன்.

அடுத்த கிழமை அரச ஆஸ்பத்திரியின் பல் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கறையைச் சுரண்டி எடுத்தார்கள். கொப்பளிக்கும் மருந்தை நிறுத்தச் சொன்னார்கள். காலையும் படுக்கப் போகுமுன்னரும் புளோரைட் பற்பசையால் இரண்டு நிமிடம் துலக்கவும், சாப்பாட்டு நேரங்களுக்கு இடையில் சீனியைக் குறைக்கவும் சொன்னார்கள். மாத்திரையைக் காட்டினோம். கெடுதி இல்லை, காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியமும் இல்லை என்பது அவர்களின் முடிவு.

மிச்ச மாத்திரைகளை அம்மா எறியவில்லை. தங்கச்சி அனுப்பியது வீணாகக்கூடாது என்று இரவில் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டு முடித்தார். கறியின் உப்பு இப்போது அவருக்குத் தெரிகிறது. பிளேன்ரீக்கு மூன்று கரண்டி சீனி போட்டவர் ஒன்றுக்கு வந்திருக்கிறார். படம் எடுத்தால் வாயைப் பொத்துவது மட்டும் இன்னும் மாறவில்லை.